இரண்டு கையும் ஒன்றாகும் வரை

மீன் பண்ணையில் போய் என் சித்தியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மீட்டர் என்று கேட்டால் வாசல் காவல்காரர்கூட எழுந்து நின்று குஞ்சு அறையைக் கைகாட்டுவார். தண்ணீரின் சூட்டை அளக்கிற கருவி ஒன்று அந்தப் பண்ணையில் ஒரு காலத்தில் இருந்ததாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அது பழுதான அன்று மேனேஜர், "அதான் இந்தம்மா கை இருக்கே, அப்புறம் எதுக்கு மீட்டர்?" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. புதுக் கருவி வரவில்லை. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று நான் யோசித்ததில்லை, இந்த வருடம் வரைக்கும்.

குஞ்சு அறை என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு வரிசையில் பதினாறு சிமெண்ட் தொட்டிகள். வெளியூரிலிருந்து மீன் குஞ்சுகள் பிளாஸ்டிக் பைகளில் வந்து இறங்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே புடைத்த காற்று, நடுவில் கண் மட்டும் இருப்பதுபோல் தெரிகிற இரண்டாயிரம் உயிர். பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கொட்டினால் அரை மணி நேரத்தில் எல்லாம் வெள்ளையாகத் திரும்பி மிதக்கும். பையின் தண்ணீரும் தொட்டியின் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பையை மிதக்கவிட வேண்டும். அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி. சித்தி பையின் வாயைக் கொஞ்சம் தளர்த்தி வலது கையை உள்ளே விடுவாள். இடது கை தொட்டியில் இருக்கும். கண்ணை மூடிக்கொள்வாள். எந்தக் கை எதில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் போகும் ஒரு நேரம் வரும். அப்போது "ம், சாய்" என்பாள். சில நாள் பத்து நிமிடம் ஆகும், சில நாள் முக்கால் மணி நேரம். அவள் சாய் என்று சொல்லிச் சாய்த்த பையில் குஞ்சு செத்து நான் கேள்விப்பட்டதில்லை.

அவள் கையால் செத்தது ஒரே ஒரு தடவைதான். அதை அவளே சொல்லுவாள், யாரும் கேட்காமலே. குஞ்சு அறைக்கு வந்த முதல் வருடம். வளர்ந்த குஞ்சுகளை வேறு பண்ணைகளுக்கு அனுப்புவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொட்டியடியைக் கூட்டப் போனவள், மூலையில் கூட்டமாக வந்து வாய் பிளந்த குஞ்சுகளைப் பார்த்திருக்கிறாள். ஐயோ பாவம் என்று இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டாள். மறுநாள் எண்பது பை போனது, எண்பது பையும் வெள்ளையாகத் திரும்பி வந்தது. அப்போதிருந்த சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, அவள் கையாலேயே குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாராம். "பாசத்துல போட்ட தீனி" என்பாள் சித்தி. அதற்கு மேல் அந்தக் கதையில் ஒரு வார்த்தையும் சேர்க்கமாட்டாள்.

சித்திக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பண்ணையில் வேலை. சித்தப்பா ஒரு பட்டறையில் வெல்டர். கல்லூரி பக்கம் என்பதால் நான் அவர்கள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். இரண்டே அறை. ஜன்னலோரம் இருந்த மேசையை எனக்குக் கொடுத்துவிட்டு, நான் படிக்கும்போது அவர்கள் உள்ளறையில் தட்டுச் சத்தம் கேட்காமல் சாப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அது வந்த அன்று சித்தப்பா, "வீட்டுல ஏற்கெனவே ஒரு மீட்டர் இருக்கு, இப்ப டிகிரியும் வந்தாச்சு. இனிமே யாருக்காவது காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கே போக வேணாம்" என்றார். சித்தி அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

பட்டத்தை வைத்து எனக்குக் கிடைத்த வேலை, மீன் பண்ணைத் தொழிலாளர்களுக்குத் திறன் பயிற்சி கொடுக்கிற ஒரு நிறுவனத்தில். ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். விண்ணப்பம் வாங்குவது, பட்டியல் போடுவது, மைக் பிடிப்பது, படம் எடுப்பது எல்லாம் ஒருங்கிணைப்புதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் பண்ணையின் குஞ்சு அறைக் கதவில் ஒரு பலகை தொங்கியது. மீனை மொத்தமாக வாங்குகிற பெரிய கம்பெனி போட்ட நிபந்தனை. இரண்டு மாதத்துக்குப் பிறகு, பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்கள் குஞ்சு அறைக்குள் நுழையக்கூடாது. அவர்களுக்கு ஐஸ் கொட்டகையில் வேலை. ஐஸ் கொட்டகை என்றால், பிடித்த மீனை உடைத்த ஐஸில் அடுக்குகிற இடம். காலையில் கையை உள்ளே விட்டால் மாலையில்தான் வெளியே எடுக்க வேண்டும். கையுறை கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே அது கிழியும். அங்கே போன பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள் என்று சித்தி சொல்லியிருக்கிறாள்.

"சர்டிஃபிகேட் எங்க கிடைக்கும்?" என்று அன்று மாலை என்னிடம் கேட்டாள்.

"என் கையிலதான் சித்தி" என்றேன். எவ்வளவு திமிர் அந்தப் பதிலில்.

இருபது இடம். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்று விதியிலேயே இருந்தது. சித்திக்கு அந்த விதி நான்கு தடவை பொருந்தும். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். பயிற்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, செய்முறை காட்டவேண்டிய ஆள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இயக்குநர் கூட்ட அறையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தொட்டிகிட்ட நின்னு காட்ட யாராவது வேணும். ஸ்லைடு போடறதுக்கு ஆள் இருக்கு, தண்ணியில கை வைக்க ஆள் இல்ல."

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை எழுந்து நிற்குமே, அப்படி. "சார், என் சித்தி இருக்காங்க. அந்தப் பண்ணையில அவங்களவிட நல்லா யாருக்கும் தெரியாது."

"அருமை. அவங்களைப் பயிற்றுநர் லிஸ்ட்டுல போட்டுடுங்க. அவங்க இடத்துக்கு வெயிட்டிங்ல இருக்கற ஒருத்தரை எடுத்துக்கலாம்."

போட்டேன். பயிற்சி பெறுவோர் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, பயிற்றுநர் பட்டியலில் விரிவுரையாளருக்கு அடுத்த வரியில், என் கையெழுத்திலேயே எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பெயர், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் பெயருக்கு அடுத்து. எழுதி முடித்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

வீட்டில் சொன்னபோது சித்திக்கு முகம் மலரவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப எனக்கு சர்டிஃபிகேட் வருமா?"

"நீயே சொல்லிக் கொடுக்கறவ, உனக்கு எதுக்குப் பரீட்சை? அது தானா வரும்."

"தானா வருமா?"

"வரும் சித்தி."

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. தாளில் மேல் வரியில் இருப்பவருக்குக் கீழ் வரியில் இருப்பவரைவிட அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிற அளவுக்குத்தான் என் படிப்பு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தது.

பயிற்சி நான்கு நாள், எங்கள் நிறுவனத்தின் கூடத்திலும் அதை ஒட்டிய தொட்டியடியிலும். விரிவுரையாளர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். சிவப்புப் புள்ளி விழுகிற ஒரு பேனாவைச் சுவரில் ஆட்டிக்கொண்டே பேசுவார். முதல் மணி நேரத்திலேயே தொழிலாளர்கள் அவருக்கு லேசர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவரில் ஒரு வரி வந்தது. பையை இருபது நிமிடம் மிதக்கவிடவும்.

பின்னால் நின்ற சித்தி கையைத் தூக்கினாள். "எந்தப் பைக்கு சார் இருபது நிமிஷம்?"

"எல்லாப் பைக்கும்தான்."

"வெயில்ல நாலு மணி நேரம் நின்ன வண்டியில வந்த பைக்குமா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. லேசரும் சிரித்தார். "சரி, நீங்களே வந்து சொல்லுங்க" என்று பேனாவை அணைத்தார்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் வகுப்பு தொட்டியடியில்தான் நடந்தது. ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். அதே பண்ணையிலிருந்து வந்த ஒருவன், தடித்த கண்ணாடி போட்டவன், கண்ணாடி என்றே அவனுக்குப் பெயர், கையை விட்ட வேகத்தில் எடுத்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா."

"போட்டதும் எரியறதுக்கு இது என்ன சுவிட்சாடா? கைய வச்சிட்டு வாய மூடு. நீ ஊர்க்கதை பேசிட்டு இருந்தா கை எங்க கேக்கும்?"

மூன்றாவது நாள் லேசர் அவளுக்கு ஒன்றைக் காட்டினார். தீனி தின்ற குஞ்சுகளை ஒரு பையிலும், ஒரு நாள் பட்டினி போட்டதை இன்னொரு பையிலும் அடைத்து வைத்திருந்தார். மாலையில் இரண்டிலும் ஒரு காகிதக் கீற்றை நனைத்தார். ஒன்று மஞ்சளாகவே இருந்தது, மற்றது கரும்பச்சையாக மாறியது. தின்றது கழிவாகி, அது மூடிய பைக்குள் விஷமாகி, அதுதான் கொல்கிறது என்று விளக்கினார். சித்தி அந்தப் பச்சைக் கீற்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தனை வருஷமா தீனி போடாதேன்னு மட்டும்தான் தெரியும். ஏன்னு ஒருத்தரும் சொன்னதில்ல" என்றாள் வரும் வழியில். "யாராவது ஒரு நாள் சொல்லியிருந்தா, அந்த எண்பது பையும் போயிருக்காது இல்ல?" கீற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்த மாலை அது. பயிற்சி என்பது வெறும் காகிதம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அதனால்தான் எரிச்சல் வரும். அது காகிதமாக மட்டும் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

ஐந்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்துப் பெயர்களை வாசித்தது நான். இருபது பேர். கண்ணாடி மேடைக்கு வந்து வாங்கிக்கொண்டு, கீழே இறங்கியதும் அதைக் கொண்டுபோய்ச் சித்தியிடம்தான் முதலில் காட்டினான். இருபதாவது பெயருக்குப் பிறகு என் கையில் தாள் எதுவும் இல்லை. இயக்குநர் சித்தியை மேடைக்கு அழைத்தார். "இவங்க இல்லன்னா இந்தப் பயிற்சியே இல்ல" என்றார். ஒரு நன்றிக் கடிதம், பளபளக்கிற காகிதம் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் படம் எடுத்தேன். படத்தில் சித்தி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை, மேசைமேல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அந்த நன்றிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போயிருக்கிறாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இது சர்டிஃபிகேட் இல்லம்மா. ஆடிட் வர்றவங்க இதை ஒத்துக்கமாட்டாங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஐஸ் கொட்டகை."

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கடிகாரம் பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது. என் மேசைமேல்.

"தானா வரும்னியே" என்றாள்.

"சித்தி, எனக்குத் தெரியாது, நான் நினைச்சேன்..."

"நினைச்சே. கேட்டியா? அந்த ஆபீஸ்ல எத்தனை பேர் இருக்காங்க, ஒரு வாய் கேட்டியா?"

"பயிற்றுநர்னு போட்டா உனக்குப் பெருமையா இருக்கும்னுதான்..."

"யாருக்குப் பெருமை?"

சித்தப்பா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "விடு, சின்னப் பொண்ணு, பாசத்துல பண்ணிட்டா" என்றார்.

சித்தி திரும்பினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஆமா, பாசத்துலதான் போட்டா. நானும் பாசத்துலதான் போட்டேன். பைக்குள்ள கிடந்த குஞ்சுக்கு அது தெரியுமா?"

அன்று தட்டுச் சத்தம் பலமாகவே கேட்டது.

இயக்குநரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். நல்லவர்கள் கதவைச் சாத்தும்போதுதான் பயமாக இருக்கிறது. "எனக்குப் புரியுது. ஆனா பயிற்சி கொடுத்தவரே பயிற்சி பெற்றவரா எப்படி இருக்க முடியும்? ரெண்டு லிஸ்ட்டுலயும் ஒரே பேர் வந்தா மேலிடத்துல கேள்வி வரும். நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்கணும். நாலு மாசத்துல அடுத்த பேட்ச் வருது, அதுல அப்ளை பண்ணச் சொல்லுங்க."

"அந்த நாலு மாசமும் அவங்க கை ஐஸ்ல இருக்கும் சார்."

"அது பண்ணையோட முடிவு. அதுல நாம எப்படித் தலையிடறது?"

நீங்க படிச்சவங்க. இந்த வார்த்தையை எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமிருந்தும் கேட்டதில்லை. என் இருபத்து மூன்றாவது வயதில் முதன்முதலாகக் கேட்கிறோம், அதுவும் வாயை மூடிக்கொள் என்பதற்குப் பதிலாக. நான் மேசையைத் தட்டியிருக்கலாம். வேலையை விட்டிருக்கலாம். தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றி சார் என்று சொல்லி வெளியே வந்தேன். ஏன் என்று பல தடவை என்னையே கேட்டுவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி இன்னும் அசிங்கமானது. அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருப்பதுபோல் எனக்குப் பட்டது. இரண்டு பட்டியல், ஒரு பெயர், எப்படி முடியும்? அந்த நிமிடம் நான் சித்தியின் பக்கம் இல்லை, பட்டியலின் பக்கம் இருந்தேன்.

ஐஸ் கொட்டகைக்கும் குஞ்சு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர்தான். முதல் இரண்டு வாரம் கண்ணாடி அந்தப் பக்கமிருந்து தட்டுவான். "அக்கா, வண்டி வந்திருக்கு, பையெல்லாம் சூடா இருக்கு, எவ்வளவு நேரம் விடட்டும்?" சித்தி இந்தப் பக்கமிருந்து பதில் சொல்லுவாள். "தொட்டித் தண்ணிய ஒரு குவளை எடுத்து உள்ள ஊத்து. கொஞ்சம் பொறு. இன்னொரு குவளை ஊத்து." குஞ்சுகள் என்ன பாவம் செய்தன என்பாள்.

ஒரு நாள் அவன் தட்டியபோது பின்னாலிருந்து மேனேஜரின் குரலும் கேட்டிருக்கிறது. "எதுக்குடா நிக்கிறே? மீட்டர் பக்கத்துலதான இருக்கு, கேட்டுட்டு வா."

சித்தி ஐஸிலிருந்து கையை எடுத்தாள். சுவர் ஓரமாகப் போய்ச் சத்தமாகச் சொன்னாளாம். "சர்டிஃபிகேட் இருக்கில்ல? அதைத் தண்ணியில முக்கிப் பாரு. நிறம் மாறிச்சுன்னா சாய்."

ஐஸ் கொட்டகைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முதல் அவள் சுவருக்குப் பதில் சொல்லவில்லை. அந்த மாதம் மூன்று தடவை குழி தோண்டினார்கள். அதை என்னிடம் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம் இல்லை. "நான் வாய மூடினதுக்கு அதுங்க செத்துச்சு" என்றாள். பிறகு, "நான் மட்டுமா மூடினேன்?" என்று என்னைப் பார்த்தாள்.

நான்கு மாதம் கழித்து அடுத்த பயிற்சி வந்தது. பயிற்சி பெறுவோர் பட்டியலில் முதல் வரியில் அவள் பெயரை எழுதினேன். இயக்குநரிடம் கொடுக்கும்போது, "இதுல எதையும் மாத்த மாட்டேன் சார்" என்றேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செய்முறைக்கு என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். ஆள்தான் கூடத்துக்குள்ளேயே இருக்கப்போகிறாளே.

சித்தி முன்வரிசையில் உட்கார்ந்தாள். புது நோட்டு, புதுப் பேனா. தொட்டியடிக்கு எல்லோரும் நகர்ந்ததும் லேசர் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினார். "வாங்கம்மா, நீங்களே ஆரம்பிங்க."

அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள். "நான் கத்துக்க வந்திருக்கேன் சார். கத்துக்கொடுங்க."

"அட, விளையாடாதீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்னா எனக்கு சர்டிஃபிகேட் இருந்திருக்கணுமே. எங்கிட்ட கடிகாரம்தான் இருக்கு. வேணும்னா மணி சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் வந்து காதோரம் ஏதோ சொல்லிப் பார்த்தார். அவள் கையைப் பிரிக்கவில்லை. லேசர் காலணியைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். ஒரு பையை அவிழ்த்தார், அது வழுக்கியது, பாதிக் குஞ்சு தரையில் கொட்டியது. மண்டியிட்டு ஒவ்வொன்றாக அள்ளினார். கட்டிய கைகளுக்கு உள்ளே சித்தியின் விரல்கள் துடித்ததை நான் பார்த்தேன். அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. நோட்டில் ஏதோ எழுதினாள். பிறகு எடுத்துப் பார்த்தேன். பை வழுக்கும், முதலில் கையைத் துடைக்கவும் என்று இருந்தது. அந்தப் பாடத்தைத் தான் அன்றுதான் கற்றுக்கொண்டதுபோல் தேதி போட்டிருந்தாள்.

மதிய இடைவேளையில் மற்ற பண்ணைகளிலிருந்து வந்த பெண்கள் அவளைக் கை கழுவுகிற இடத்தில் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு வாளித் தண்ணீர், ஒன்றில் வெந்நீர் கலந்தது. "சாரைப் பாத்துக் கத்துக்கறது சாருக்கு. இது நமக்கு" என்று அங்கே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். பழக்கத்தில் நான் செல்போனைத் தூக்கினேன். அவள் பார்த்த பார்வையில் அதை இறக்கினேன்.

"இதை எந்த லிஸ்ட்டுலயும் எழுதாத."

எழுதவில்லை.

பரீட்சையில் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. பை மிதக்கவேண்டிய நேரத்துக்கு, தண்ணீரைப் பொறுத்தது என்று எழுதியிருந்தாள். அதற்கு மதிப்பெண் இல்லை. சான்றிதழ் வந்தது. உறைபோட்டு எடுத்துக்கொண்டு போனாள். அன்று நானும் கூடப் போனேன், அலுவலகத்தில் சொல்லாமல்.

மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். "வந்தாச்சா நம்ம மீட்டர்! வாம்மா, நல்ல நேரத்துல வந்தே, முப்பது பை இறங்கியிருக்கு."

பதினோராவது தொட்டியில் பைகள் மிதந்துகொண்டிருந்தன. கண்ணாடி ஒரு பையின் வாயைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டான். சித்தி வலது கையை உள்ளே விட்டாள். இடது கையைத் தொட்டியில் வைத்தாள். கண்ணை மூடினாள். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது, கண்ணைத் திறந்தாள். இரண்டு கையையும் எடுத்து முன்னால் நீட்டிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்து, தோல் வெடித்து, யாருடைய விரல்களோ போல் இருந்தன. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"என்னக்கா? சாய்க்கட்டுமா?" என்றான் கண்ணாடி.

"சாய்க்காத." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டு கையும் ஒண்ணா இருக்கு. வச்ச உடனேயே ஒண்ணா இருக்கு."

"அப்ப சரிதானே?" என்றார் மேனேஜர்.

"சரியில்ல. தண்ணி ஒண்ணாகல. எனக்குத்தான் வித்தியாசம் தெரியல. உங்க ஐஸ்ல கை மரத்துப் போச்சு. இனிமே எனக்கு எல்லாப் பையும் சாய்க்கலாம்னுதான் தோணும்."

அவள் என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. எனக்கு அந்தத் தண்ணீரிலேயே விழுந்துவிடலாம்போல் இருந்தது. பட்டியலில் ஒரு பெயரை ஒரு வரியிலிருந்து அடித்து இன்னொரு வரியில் எழுதினேன், அவ்வளவுதான் நான் செய்தது. அதற்கு இந்த விரல்கள்.

"கண்ணாடி, நீ வை" என்றாள். "கண்ணை மூடு. பேசாத."

அவன் கை வைத்தான். இந்தத் தடவை எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் நின்றோம். மேனேஜர் இரண்டு தடவை மணி பார்த்தார். அரை மணி நேரம் கழிந்திருக்கும். "இப்ப தெரியலக்கா, எது எதுன்னு" என்றான் மெதுவாக.

"ம், சாய்."

குஞ்சுகள் புகைபோல் தொட்டிக்குள் இறங்கிக் கலைந்தன. எல்லாம் நீந்தின. மேனேஜர் மூச்சுவிட்டுச் சிரித்தார். "பாத்தியா, மீட்டர்னா மீட்டர்தான்!"

சித்தி சான்றிதழை உறையிலிருந்து எடுத்து, ஈரக் கையோடேயே அவர் முன்னால் பிடித்தாள்.

"இதுல என் பேர் போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க. இனிமே அப்படிக் கூப்பிடுங்க. மீட்டர் வேணும்னா கடையில விக்குது, வாங்கி இந்தச் சுவத்துல மாட்டுங்க. பன்னிரண்டு வருஷமா நான் இருந்ததாலதான் நீங்க அதை வாங்கல. அது வர்ற வரைக்கும் இந்த அறையில ஒரு பை சாயாது. நானும் சாய்க்க மாட்டேன், இவனும் சாய்க்க மாட்டான்."

மேனேஜர் கண்ணாடியைப் பார்த்தார். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சித்தியின் பக்கத்தில் போய் நின்றான்.

மேனேஜர் தாளை வாங்கினார். முதல்தடவையாக அவள் பெயரை, எழுத்துக் கூட்டுவதுபோல், வாய்க்குள் படித்தார்.

இருபத்தொன்பது பைகள் மிதந்துகொண்டிருந்தன. வெயில் தகரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"கடை திறந்திருக்கும்" என்றாள் சித்தி. "ஆளை அனுப்புங்க."